லைன் அறுந்த பிறகும் நிற்கும் ரூட்

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு ஏற இரண்டு பாதைகள்: பர்லியாறு வழியாகக் குன்னூர், இன்னொன்று கோத்தகிரி. இணையச் சேவை தரும் எங்கள் ஃபைபரும் இரண்டு வழியாகவும் ஏறுகிறது. ஒரு நவம்பர் இரவு இரண்டுமே நன்றாக இருந்தன. ஆனாலும் ஒரு டீ ஃபேக்டரி இணையமில்லாமல் கிடந்தது.

ஊட்டியிலிருந்து அவர்களுக்குப் போகும் லைன்மீது மரம் விழுந்திருந்தது. சரி, மாற்றாக ரேடியோ லிங்க் இருக்கிறதே என்று இருந்தோம். நைட் ஷிப்டில் இருந்த தம்பி போன் செய்தார்: "சார், லைன் கட் ஆகி ஒரு மணி நேரமாச்சு, ரூட் மட்டும் அப்படியே நிக்குது." ரூட் என்றால், எந்த முகவரிக்கு எந்த வழியாகப் போவது என்று ரூட்டர் வைத்திருக்கும் குறிப்பு.

ஃபேக்டரி சர்வரின் /32 ஹோஸ்ட் ரூட் (ஒரே ஒரு முகவரிக்கான ரூட்) ஊட்டியிலிருந்து ஐபிஜிபியில் (ஒரே நெட்வொர்க்கின் ரூட்டர்கள் தங்களுக்குள் ரூட்டுகளைச் சொல்லிக்கொள்ளும் பிஜிபி) வந்துகொண்டிருந்தது. குன்னூர், கோத்தகிரி இரண்டு ரூட்டரிலும் பிஜிபியிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்கும் (ரூட்டுகளைப் பகிரும் இன்னொரு முறை), திரும்ப பிஜிபிக்கும் ரீடிஸ்ட்ரிபியூஷன் போட்டிருந்தோம், அதாவது ஒன்றின் ரூட்டுகளை மற்றதற்குள் விட்டிருந்தோம். சிஸ்கோ ரூட்டரில் ஓஎஸ்பிஎஃப்பின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (எந்த முறை சொல்லும் ரூட்டை முதலில் நம்புவது என்ற எண்) 110, ஐபிஜிபிக்கு 200. எண் குறைந்ததே ஜெயிக்கும். அதனால் குன்னூர் ஓஎஸ்பிஎஃப்பில் விட்டதைக் கோத்தகிரி நம்பி, பிஜிபியில் தன் ரூட்டாகவே திருப்பிச் சொன்னது. ஊட்டி ரூட்டை விலக்கிக்கொண்ட பிறகும் கோத்தகிரி சொல்வதைக் குன்னூரும், குன்னூர் சொல்வதைக் கோத்தகிரியும் பிடித்துக்கொண்டு நின்றன. பாக்கெட்டுகள் டிடிஎல் (எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற எண்) தீரும்வரை இரண்டு ஊருக்கும் இடையே சுற்றின. ரேடியோ லிங்கின் ரூட் /29, அதாவது எட்டு முகவரிகளுக்கானது. நீளமான ப்ரிஃபிக்ஸுக்கே (சாய்கோட்டுக்குப் பின் பெரிய எண் உள்ள ரூட்டுக்கே) முதலிடம் என்பதால், செத்துப்போன /32 இருக்கும்வரை ரேடியோ லிங்குக்கு வேலையே வரவில்லை. மாற்றுவழிக்குக் காசு கொடுத்தவரிடம் இதை விளக்க நேர்ந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது.

மலையில் கேபிள், இணையத் தொழில் செய்யும் நண்பர்களே, ரீடிஸ்ட்ரிபியூட் கட்டளையை ஃபில்டர் இல்லாமல் போடாதீர்கள். பிஜிபியிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்குள் போகும்போது டேக் (ஓர் அடையாள எண்) ஒட்டுங்கள். திரும்பும் வாசலில், இரண்டு ரூட்டரிலும், அந்த டேக்கைத் தடுங்கள்.

அப்புறம், வாடிக்கையாளர் /32 எதுவும் ஓஎஸ்பிஎஃப்புக்குள் வரவே வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் நம்முடையது. ஒவ்வொரு மோடம் அணையும்போதும் எல்எஸ்ஏ (ஓஎஸ்பிஎஃப்பின் மாற்றச் செய்தி) எல்லா ரூட்டருக்கும் பரவும். அவற்றை பிஜிபியிலேயே வையுங்கள், முகவரிப் பூல் முழுவதையும் ஒரே ப்ரிஃபிக்ஸாகச் சுருக்கி அறிவியுங்கள். ரூட்டர்களின் லூப்பேக்கை (ரூட்டரின் சொந்த முகவரியை) மட்டும் சுருக்கக் கூடாது. எம்பிஎல்எஸ் (பாக்கெட்டை லேபிள் பார்த்து அனுப்பும் முறை) ஓடினால், எல்டிபி (ரூட்டர்கள் லேபிள்களைப் பகிரும் முறை) தரும் லேபிளுக்கு அந்த /32 அப்படியே தேவை.

மாற்றியதும் ஊட்டியில் ஒரு சோதனை லூப்பேக்கை பிஜிபியில் அறிவித்து, பிறகு ஷட் செய்து, குன்னூரிலும் கோத்தகிரியிலும் அது மறைகிறதா என்று பாருங்கள். இதை மழைக்கு முன்பே செய்துவிடுங்கள்.