பேக்கப் இணைப்பு: பிரதியா, சேமமா?

“ஃபிரேம் ரிலே துறைமுகத்தில் காப்புப்பிரதி இணைப்பை உள்ளமைக்கவும்.” வலைப்பின்னல்களுக்கிடையே தரவை வழிநடத்தும் கருவியான ரவுட்டரின் கையேட்டுத் தமிழாக்கம் ஒன்றில் இப்படி ஒரு வரி. துறைமுகத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லத்தீனில் போர்ட்டா என்றால் வாயில், போர்ட்டுஸ் என்றால் துறைமுகம். கருவியில் கம்பி செருகும் போர்ட் முதலாவதன் வழி வந்தது. வாயில் என்றாலே போதும். எனக்குப் பொறுக்காதது பேக்கப் என்பதற்கு வைத்த அந்தக் ‘காப்புப்பிரதி’. எத்தனை இடத்தில்தான் பார்ப்பது?

பின்னால் நின்று தாங்குவதைச் சொல்லும் ஆங்கில வினைத்தொடரிலிருந்து வந்த பெயர்ச்சொல் பேக்கப். ‘தேவைப்பட்டால் களத்தில் இறக்க ஒதுக்கி வைத்தது’ என்பது அதன் பொது அர்த்தம். கோப்பின் நகல் என்பது கணினி வந்தபின் ஒட்டிக்கொண்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பின்னதை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

கோப்புக்குப் பிரதி உண்டு, இணைப்புக்கு ஏது பிரதி? 1990களில் பரவலாக இருந்த ஏற்பாட்டையே எடுத்துக்கொள்வோம். கிளை அலுவலகத்திலிருந்து தலைமையகத்துக்கு ஃபிரேம் ரிலே சுற்று ஒன்று, அதாவது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலை வழியாக வாடகைக்கு எடுத்த நிலையான தரவு வழி. அது படுத்துவிட்டால் ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு டயல் செய்து எழும். இரண்டும் வேறு தொழில்நுட்பம், வேறு கட்டணம். சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டரில் பேக்கப் என்று குறித்த இடைமுகம் (இணைப்பு சேரும் முனை) ஸ்டாண்ட்பை நிலையில் சும்மா கிடக்கும், முதன்மை விழுந்தால்தான் எழும். இதில் ஒரு சிக்கல் உண்டு. தொலைமுனையில் சுற்று அறுந்தாலும், பக்கத்து ஃபிரேம் ரிலே சுவிட்சோடு பேச்சு நடக்கும்வரை அந்தச் சுற்று செருகிய நம் சீரியல் போர்ட் உயிரோடு இருப்பதாகவே காட்டும், பேக்கப் எழாது. அதனால்தான் பேக்கப் கட்டளையை முழு போர்ட்டில் கொடுக்காமல், அந்த ஒரு சுற்றுக்கென ஒதுக்கிய பாயிண்ட் டு பாயிண்ட் துணை இடைமுகத்தில் (போர்ட்டின் ஓர் உட்பிரிவில்) கொடுப்பார்கள். ‘காப்புப்பிரதி’ என்று படித்த மாணவருக்கு இது எப்படி விளங்கும்? ஒரே தரவு இரண்டு வழியிலும் நகலாகிப் போகிறது என்றல்லவா நினைப்பார்!

சிலர் பிரதியை வெட்டிவிட்டு ‘காப்பு இணைப்பு’ என்கிறார்கள். அது பாதுகாக்கப்பட்ட இணைப்பு, மறையாக்கம் செய்தது என்று ஒலிக்கிறது. ‘துணை இணைப்பு’ என்றால் முதன்மையோடு கூடவே ஓட வேண்டும். முதன்மையில் சுமை கூடும்போது பேக்கப்பை எழுப்பவும் ஒரு கட்டளை இருக்கிறது, அதற்கு மட்டும் துணை பொருந்தும். ‘மாற்று இணைப்பு’ மோசமில்லை. ஆனால் இரண்டு வழியும் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தாலும் அவை ஒன்றுக்கொன்று மாற்றுதான். ‘பதிலி’ என்பவர்கள் பெரும்பாலும் தனித்தமிழ் அன்பர்கள். பதில் என்பதே அரபி மூலத்திலிருந்து உருது வழியாக வந்தது என்று யாராவது அவர்களிடம் சொல்லுங்கள்.

என் வாக்கு ‘சேம இணைப்பு’க்கு. புறநானூற்றின் 102ஆம் பாட்டில், உப்பு வண்டியின் அச்சு வழியில் முறிந்தால் உதவட்டும் என்று உப்பு வணிகரான உமணர் வண்டிக்கடியில் கட்டிவைத்த ‘சேம அச்சு’ போன்றவன் என்று அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிறார் ஔவையார். அந்த அச்சு ஓடுகிற அச்சின் நகல் வேலையைச் செய்யவில்லை, முறியும்வரை காத்துக் கிடக்கிறது. ஸ்டாண்ட்பை என்பதும் இதுதானே?

சேமம் வடமொழி க்ஷேமம் ஆயிற்றே என்பார்கள். சரி, சங்கப் புலவருக்கு ஆகிவந்த சொல் எனக்கும் ஆகும். இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி என்று இன்றும் புழங்குகிறது. சேமிப்பு என்று தவறாகப் படித்துவிடுவார்களே என்ற பயம் எனக்கும் உண்டு. அப்படித் தோன்றும் இடத்தில் பேக்கப் இணைப்பு என்றே எழுதிவிடுவேன். பிரதி என்று மட்டும் எழுதமாட்டேன்.