டூர் போய் வந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கினால் நீவ விடாதீர்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறேன். காலுக்குள் ரத்தம் உறைந்து வீங்குவதைச் சுளுக்கு என்று நினைத்து நீவிவிட்டு வருகிறார்கள். இந்த சீசனிலும் அதேதான் நடந்தது. மலப்புறத்தில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடிவிட்டு வந்த பையனுக்குக் கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது. சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப் போய் தைலம் போட்டு நன்றாக அழுத்தி நீவியிருக்கிறார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். கால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாகி, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். எல்லாரும் பிழைப்பதில்லை.

"ஓடியாடுற பையனுக்கு இதெல்லாம் வருமா டாக்டர்?" என்று அவனுடைய மாமா கேட்டார். வரும். 2011இல் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தது. 2015இல் கூடைப்பந்து வீரர் கிறிஸ் போஷுக்கும் வந்தது. ஆட்டக்காரனுக்குக் காலில் உதை விழுகிறது, வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் குறைகிறது. அந்தக் காலோடு ராத்திரி முழுக்க வேனில் மடங்கி உட்கார்ந்து வருகிறான். தசை பிசகினால் பெரும்பாலும் ஆடும்போதே சுரீர் என்று தெரிந்துவிடும். எப்போது அடிபட்டது என்றே சொல்லத் தெரியாமல், ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்து ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அதைச் சுளுக்கு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் அந்தக் காலை யாரும் நீவக் கூடாது. அழுத்தினால் கட்டி பெயர்ந்து மேலே போகலாம். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

இன்னொன்று, விமானத்தில் போனால்தான் இது வரும் என்று நினைக்கிறார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போனால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று 2007இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அது பஸ், ரயில், காருக்கும் சேர்த்துத்தான். ஆரோக்கியமானவருக்கு அந்த ஆபத்து சிறியதுதான். ஆனால் எல்லா டூரும் ஒன்றல்ல. நம் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடத்துகிறவர்கள் ஒரே கூத்துமாடத்தில் (கூத்துக்கான மேடைக் கட்டடம்) 7, 14, 21 ராத்திரி என்று தங்கி, திரைக்குப் பின்னால் நடந்துகொண்டே கம்பராமாயணம் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கெடுவது தூக்கம்தான். இன்று இந்த ஊர், நாளை வேறு மாவட்டம் என்று போகும் நாடகக்குழு அப்படியில்லை. செட் சாமான்களுக்கு நடுவில் காலைக் குறுக்கிக்கொண்டுதான் தூங்குவார்கள். மருந்துக் கம்பெனி ரெப்புகளிலும் எக்ஸ்-ஸ்டேஷன், அதாவது பக்கத்து ஊர், போனவர் சாயங்காலம் வீடு திரும்பிவிடுவார். அவுட்ஸ்டேஷன், அதாவது தங்கி வேலை பார்க்கும் வெளியூர், போகிறவருக்குத்தான் ராத்திரி பஸ். துணி எடுக்க சூரத்துக்கு ரயிலேறும் வியாபாரிக்கு ஒரு நாளுக்கும் மேல் உட்கார்ந்த உட்கார்ப்பு. அதனால்தான் என்னிடம் வருகிறவரிடம், எங்கே போனீர்கள் என்பதைவிட, எத்தனை மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தீர்கள் என்று முதலில் கேட்கிறேன்.

சரி, என்ன செய்வது? டீக்கு வண்டி நின்றால் இறங்கி நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலை ஏற்றி இறக்குங்கள். தண்ணீர் குடியுங்கள், கிளம்பும்போது மது வேண்டாம். காலில் கட்டுப் போட்டவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், முன்பே ரத்தக்கட்டி வந்தவர்கள் கிளம்பும் முன் டாக்டரைப் பாருங்கள். சிலருக்கு அழுத்தக் காலுறை தேவைப்படும். ஆஸ்பிரினை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு பாதமும் ஒரே மாதிரி லேசாக வீங்கி மறுநாள் வடிந்தால் பயப்பட வேண்டாம்.

டூர் மேனேஜர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியில் வரும் பெண்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சுத்தமான கழிப்பறை இருக்கும் இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். யாருக்காவது திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை ஓட்டாதீர்கள். அங்கேயே நிறுத்தி 108ஐக் கூப்பிடுங்கள்.