கம்ப்ரசர் ஓடுவதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பாருங்கள்

கல்குவாரி விபத்து என்றாலே பலருக்கு வெடிதான் ஞாபகத்துக்கு வரும். வெடிக்காவது விசில் ஊதுகிறார்கள், சிவப்புக் கொடி பிடிக்கிறார்கள், ஆடு மேய்ப்பவரைக் கூட விரட்டிவிட்டுத்தான் பற்றவைக்கிறார்கள். பாறைச் சுவர் சரிவதற்கு விசில் கிடையாது. 2022 மே மாதம் திருநெல்வேலி பக்கம் அடைமிதிப்பான்குளத்தில் ராத்திரி நேரத்தில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், அதில் நான்கு பேர் இறந்துபோனார்கள். சரியாக மூன்று வருஷம் கழித்து, 2025 மே மாதம், சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் மறுபடியும் சரிவு, மறுபடியும் சாவு.

சுரங்கப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. எந்தக் குவாரிக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது, "நம்ம ஊர்ப் பாறை இரும்பு சார், அதெல்லாம் விழாது" என்பதுதான். பாதி உண்மை. சார்னோகைட்டும் நைஸும் கெட்டியான பாறைகள்தான், ஜாக்ஹேமர் பிடித்தவன் கைக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் குவாரிச் சுவர் பெரும்பாலும் புதிதாக உடைந்து விழுவதில்லை, இயற்கையிலேயே பிளந்து கிடக்கும் விரிசல் வழியாகத்தான் வழுக்கி வருகிறது. விரிசல் குழியைப் பார்த்துச் சாய்ந்திருந்தால், கீழே இருக்கும் கல்லை எடுக்க எடுக்க மேலே இருப்பதற்குப் பிடிமானம் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு விரிசல்கள் குறுக்கே வெட்டிக்கொண்டால் நடுவில் இருப்பது ஆப்பு வடிவத்தில் மொத்தமாகக் கழன்று வரும். விரிசலுக்குள் களிமண் படிந்திருந்து அதில் மழைத் தண்ணீரும் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். இதைப் படம் போட்டுச் சொல்வதை விட, ஒரு பலகையில் ஈரக் களிமண் தடவி, மேலே செங்கல்லை வைத்து, மெதுவாகச் சாய்த்துக் காட்டினால் போதும். எந்த மொழிக்காரனுக்கும் புரியும்.

மொழி பெரிய விஷயம். இன்றைக்கு நிறையக் குவாரிகளில் டிரில் பிடிப்பது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பையன்கள். 1966ஆம் வருஷத்துத் தொழிற்பயிற்சி விதிகள்படி சுரங்கத் தொழிலாளிக்கு வேலைக்கு முன்பே பயிற்சி கொடுக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? ஒரு அறை, ஒரு ஃபேன், தமிழிலோ ஆங்கிலத்திலோ சிலைடு, கடைசியில் படிவத்தில் கைநாட்டு. பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஃபைல் மட்டும் சுத்தமாக இருக்கும்.

பயிற்சி சுவருக்கு முன்னால்தான் நடக்க வேண்டும், அதுவும் காலையில் டிரில்லுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர் ஓடத் தொடங்குவதற்கு முன்பு, ஏனென்றால் காது வேலை செய்ய வேண்டும். கடப்பாரையால் பாறையைத் தட்டினால் கெட்டியான இடம் 'கணீர்' என்கும், பின்னால் பிரிந்து நிற்கும் இடம் 'பொத்' என்று மந்தமாகச் சத்தம் கொடுக்கும். சத்தத்தில் சந்தேகம் வந்தால், எட்டுகிற உயரத்தில் மட்டும் ஒரு கையைப் பாறை மேல் வைத்துக்கொண்டு பக்கத்தில் தட்டிப் பார்க்கச் சொல்வேன். பிரிந்த கல் உள்ளங்கையில் அதிரும். பழைய ஆட்களுக்கு இது ஏற்கெனவே தெரியும், புதுப் பையன்களுக்கு அவர்களை வைத்தே சொல்லிக்கொடுப்பது எனக்கு வசதி. ஆனால் அதே பழைய ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு, மந்தமாகச் சத்தம் கொடுத்த கல்லுக்கு நேர் கீழே நின்றே அதை நெம்புவார்கள். தளர்ந்த கல்லை மேலிருந்து கீழாகத்தான் தட்டி இறக்க வேண்டும், பக்கவாட்டில் கெட்டியான இடத்தில் நிற்க வேண்டும், பின்னால் ஓடுகிற வழியில் கல்லோ ஹோஸ் பைப்போ கிடக்கக் கூடாது.

அடுத்தது சுவரின் தலைமாடு. கீழே வேலை பார்ப்பவர்கள் மேலே ஏறிப் பார்ப்பதே இல்லை. விளிம்புக்கு இணையாக மேலே ஒரு விரிசல் ஓடினால் சுவர் நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் குறுக்காகக் கொஞ்சம் சிமெண்டைப் பூசி, தேதி எழுதிவிட வேண்டும். மறுநாள் சிமெண்ட் பூச்சு கீறியிருந்தால் அந்தச் சுவருக்குக் கீழே அன்றைக்கு யாருக்கும் வேலை இல்லை. இரண்டு பக்கமும் ஆணி அடித்து டேப்பில் அளந்தாலும் சரிதான். கையளவு சிமெண்டுக்கு என்ன செலவாகிவிடும்? ஆனாலும் செய்பவர்கள் குறைவு.

காரணமே இல்லாமல் சின்னக் கல் உதிர்வது, புழுதி கொட்டுவது, நேற்று காய்ந்து கிடந்த இடத்தில் இன்றைக்குக் கசிவு, இதெல்லாம் ஓடு என்று சொல்கிற அறிகுறிகள். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்துகொண்டிருக்கும்போது எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். மழை விட்டு வெயில் அடித்ததும்தான் அவசரமாக இறங்குகிறார்கள், விரிசலுக்குள் தண்ணீர் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

அப்புறம் மத்தியானச் சாப்பாடு. குழிக்குள் மரம் கிடையாது, வெயில் கொளுத்தும், நிழல் இருக்கும் ஒரே இடம் சுவரின் அடிவாரம்தான். அங்கேதான் தூக்குவாளியைத் திறந்து உட்காருவார்கள், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்துகொள்வார்கள். "அங்கே உட்காராதே" என்று ஆயிரம் முறை சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. சுவரை விட்டுத் தள்ளி ஒரு தகரக் கொட்டகை போட்டுக் குடிதண்ணீரை அங்கே வைத்தால் யாரும் சொல்லாமலே அங்கே போய்விடுவார்கள்.

ஹிட்டாச்சி ஓட்டுநருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. வண்டியின் செயின் சுவருக்கு நேர்குத்தாக இருக்க வேண்டும், அப்போதுதான் கல் உதிர்ந்தால் நேராகப் பின்னால் எடுக்க முடியும். சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் நிறுத்தினால் திருப்புவதற்குள் கேபின் மேலேயே விழுந்துவிடும். வண்டியின் கை எட்டாத உயரத்துக்குச் சுவரை விட்டுவிட்டு அடியில் மட்டும் தோண்டுவது தற்கொலை.

இப்போது முதலாளிகளுக்கு. 1961ஆம் வருஷத்து உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளில் 106ஆவது விதி, குவாரிச் சுவர் எப்படி இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. கெட்டிப் பாறையில் ஒரு பெஞ்ச், அதாவது சுவரில் படிபோல வெட்டிவிடும் தட்டு, 6 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் இருபது அடி. மேலே இருக்கும் மண், கிராவல் பகுதியில் சரிவு 45 டிகிரிக்குள், இல்லையென்றால் ஒன்றரை மீட்டர் உயரப் படிகள். விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் தளர்ந்த கல்லோ மரமோ இருக்கக் கூடாது. அடியைக் குடைந்து மேலே தொங்கவிடக் கூடாது. பெரிய இயந்திரம் வைத்து வேலை செய்வதற்கு உயரத்தில் தளர்வு வேண்டுமென்றால் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தில் அனுமதி வாங்க வேண்டும், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஆனால் குத்தகை நிலம் சின்னது, பெஞ்ச் விட்டால் கல் உள்ளேயே நின்றுவிடும் என்று நூறு, இருநூறு அடிக்குச் செங்குத்தாக இறக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட குவாரிக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டால் நான் முதலில் பேசுவது முதலாளியிடம்தான். படி இல்லாத சுவருக்கு அடியில் நிற்பவனுக்கு விழிப்புணர்வு சொல்லி என்ன ஆகப்போகிறது?

கூலி விஷயமும் இதில்தான் வருகிறது. டிரில்லருக்கு அடிக் கணக்கு, டிப்பருக்கு லோடு கணக்கு என்று வைத்துவிட்டு, "ஆபத்து என்று தோன்றினால் நிறுத்து" என்று சொல்லிக்கொடுப்பது போலித்தனம். நிறுத்தினால் அவனுக்குத்தான் நஷ்டம், அவன் எப்படி நிறுத்துவான்? சுவர் சரியில்லை என்று மேட் (வேலையை மேற்பார்க்கிறவர்) நிறுத்திய நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதலாளியே ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டும், அதையும் நான் பயிற்சியின் ஒரு பாகமாகவே வைத்திருக்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள்.

எல்லாவற்றையும் விடக் கற்றுக்கொடுக்கக் கஷ்டமானது, சரிந்த பிறகு என்ன செய்வது என்பது. கூட வேலை பார்ப்பவன் கல்லுக்கு அடியில் கத்தினால் யாருக்குத்தான் அவனைத் தூக்க உள்ளே ஓடத் தோன்றாது? ஆனால் முதல் சரிவு பாதியில் நிற்கும், மிச்சம் எப்போது வேண்டுமானாலும் வரும். அடைமிதிப்பான்குளத்தில் மீட்புப் பணி நடக்கும்போதே திரும்பத் திரும்பக் கல் உருண்டு வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. அதனால் ஒத்திகையில் இதைத்தான் அதிக நேரம் செய்ய வைக்கிறேன். எல்லோரும் வெளியே வா, பெயர் சொல்லித் தலை எண்ணு, தீயணைப்புக்கும் 108க்கும் போன் போடு, சுவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆளை நிறுத்து. அவன் கையில் விசில் இருக்க வேண்டும், அவன் ஊதினால் கல்லைத் தூக்கிக்கொண்டிருப்பவன் கூடப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.