பதினான்கு ரெக்கார்டு சரி, பதினைந்தாவது மட்டும் தப்பு

ஒரு கவுண்ட்டர் 255-லிருந்து 256-க்குப் போகிறது. ஒரு த்ரெட் (நிரலுக்குள் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் ஒரு வேலை) அதை எழுதுகிறது, இன்னொன்று வெறுமனே படிக்கிறது. படித்ததற்குக் கிடைத்தது 511. சில நேரம் 0. நிரலை எத்தனை முறை புரட்டினாலும் 511-ஐ யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். இந்த மாதிரி பக்கில் நிரலை மூடி வைத்துவிட்டு மெமரி முகவரியைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

ப்ராசஸர் மெமரியைக் கேஷுக்கு (தன்னிடமே வைத்திருக்கும் சிறிய, வேகமான மெமரிக்கு) கொண்டுவருவது துண்டு துண்டாக. இன்டெல், ஏஎம்டி சிப்களில் ஒரு துண்டு 64 பைட். அதற்குப் பெயர் கேஷ் லைன். 8 பைட் எண் ஒன்று 8-ஆல் மீதியின்றி வகுபடும் முகவரியில் இருந்தால், எப்போதும் ஒரே லைனுக்குள் அடங்கிவிடும். இதுதான் அலைன்மென்ட். கம்பைலர் இதற்காகவே ஸ்ட்ரக்டுக்குள் (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய ரெக்கார்டு) இடைவெளி விடுகிறது: 1 பைட் குறியீடும் 8 பைட் கவுண்ட்டரும் சேர்ந்தால் 9 அல்ல, 16 பைட். இந்த 7 பைட் வீணாகிறதே என்று யாராவது அந்த ஸ்ட்ரக்டை ‘பேக்’ செய்து 9 பைட்டுக்குச் சுருக்கிவிடுவார்கள். வினை அங்கே தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9 பைட் ரெக்கார்டுகளின் வரிசை ஒரு லைனின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது என்று வையுங்கள். முதல் ரெக்கார்டின் கவுண்ட்டர் 1-ஆவது இடத்தில், அடுத்தது 10-இல், அதற்கடுத்தது 19-இல். பதினான்கு ரெக்கார்டு வரை எந்தக் கவுண்ட்டரும் லைன் எல்லையைத் தாண்டவில்லை. பதினைந்தாவதன் கவுண்ட்டர் 127-இல் தொடங்குகிறது. அதன் முதல் பைட், அதாவது மதிப்பில் சிறியது, ஒரு லைனில். மீதி ஏழும் அடுத்த லைனில். 255-ஐ 256 ஆக்கும்போது சிறிய பைட் 255-லிருந்து 0 ஆகிறது, அடுத்த பைட் 0-லிருந்து 1 ஆகிறது. இரண்டு லைன்களும் ஒரே கணத்தில் படிக்கப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. படிக்கும் த்ரெட் பழைய சிறிய பைட்டையும் புதிய அடுத்த பைட்டையும் பிடித்தால் 511. மாற்றிப் பிடித்தால் 0.

64 ரெக்கார்டுக்கு 7 மட்டுமே இப்படி எல்லையில் மாட்டுகின்றன. வரிசை தொடங்கும் முகவரி மாறினால் மாட்டும் ரெக்கார்டும் மாறும். டீபக் செய்ய ஒரு பிரிண்ட் வரி சேர்த்ததும் பக் ஒளிந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘அட்டாமிக் (இடையில் யாரும் புக முடியாத ஒரே செயல்) ஆக்கிவிட்டால் போதுமே’ என்று தோன்றும். எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி சிப்களின் வகை) கூட்டல் சரியாக நடக்கும், ஆனால் வெறுமனே படிப்பது அப்போதும் பாதி பழசு, பாதி புதுசாகலாம்; வேகமும் படுத்துவிடும். ஒரே லைனுக்குள் இருக்கும் எண்ணென்றால் அந்த லைனை மட்டும் ஒரு கோர் (ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி) பிடித்துவைத்தால் போதும். இரண்டு லைனில் கிடந்தால் மெமரிக்குப் போகும் பொதுப் பாதையான பஸ்ஸையே பூட்ட வேண்டும். மற்ற கோர்கள் அத்தனையும் காத்திருக்கும். இதற்கு ‘ஸ்ப்ளிட் லாக்’ என்று பெயர்; சாதாரண அட்டாமிக்கைவிட 1,000 சைக்கிளுக்கு மேல் கூடுதலாகத் தின்னும். லினக்ஸ் கெர்னல் 2020-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து இதைக் கண்டால் எச்சரிக்கிறது. 2022-இல் 5.19 ஒரு படி மேலே போய், தப்பு செய்யும் நிரலை வேண்டுமென்றே மெதுவாக்கியது. சில விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் திணறிப்போக, 6.2-இல் அதை அணைக்க ஒரு சுவிட்ச் வைத்தார்கள்.

ஏஆர்எம் சிப்களில் இத்தனை தாட்சண்யம் கிடையாது. அலைன் ஆகாத அட்டாமிக் பெரும்பாலும் ‘பஸ் எரர்’ சொல்லி அங்கேயே நிரலைச் சாய்த்துவிடும். என்னைக் கேட்டால் அதுவே உபகாரம்: விழுந்த இடம் உடனே தெரிந்துவிடுகிறதே.

தேடும்போது முதல் வேலை, ஜிடிபி என்ற டீபக்கரில் அந்த மாறியின் முகவரியை அச்சிடுவது. 8 பைட் எண்ணின் ஹெக்ஸ் முகவரி 0 அல்லது 8-இல் முடிய வேண்டும். வேறெதில் முடிந்தாலும் ஆள் அகப்பட்டது. கம்பைலரின் அலைன்மென்ட் சானிட்டைசரும் (நிரல் ஓடும்போதே தப்பைப் பிடிக்கும் சோதனை) கைகொடுக்கும், ஆனால் ஒரு ஓட்டையோடு. பேக் செய்த ஸ்ட்ரக்டின் உறுப்பை நேரடியாகத் தொட்டால், ‘இது அலைன் ஆகாதது’ என்று கம்பைலருக்கே தெரியுமென்பதால் அது வாய் திறக்காது. அந்த உறுப்பின் முகவரியைப் பாயிண்ட்டராக வேறு ஃபங்ஷனுக்கு அனுப்பினால்தான் கத்தும். ஜிசிசி கம்பைலரின் 9-ஆம் பதிப்பு முதல், முகவரி எடுக்கும் அந்த வரியிலேயே எச்சரிக்கை வருகிறது. அதை அணைத்து வைக்காதீர்கள். த்ரெட் சானிட்டைசர் 511 வகைக் குழப்பத்தைப் பிடிக்கும். ஸ்ப்ளிட் லாக்கில் ரேஸ் (த்ரெட்கள் ஒழுங்கின்றி ஒரே இடத்தில் மோதுவது) எதுவும் இல்லாததால் அதன் கண்ணில் படாது. அதற்குக் கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜ் லாகையோ, இன்டெலில் பெர்ஃப் என்ற அளவீட்டுக் கருவி காட்டும் ஸ்ப்ளிட் லாக் எண்ணிக்கையையோதான் பார்க்க வேண்டும்.

சரிசெய்வது சுலபம். பேக் செய்த வடிவம் ஃபைலுக்கும் நெட்வொர்க்குக்கும் மட்டும். உள்ளே வந்ததும் சாதாரண ஸ்ட்ரக்டுக்கு நகலெடுத்துவிட்டு, த்ரெட்கள் அதையே தொடட்டும். அதன்பிறகும் வேகம் வராவிட்டால், தனித்தனி த்ரெட்களின் கவுண்ட்டர்கள் ஒரே லைனில் நெருக்கியடித்து அந்த லைனைக் கோருக்குக் கோர் இழுத்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றையும் 64 பைட் எல்லையில் வைத்தால் அந்த இழுபறி நிற்கும். ஆப்பிளின் எம்1-இல் 128.