ஒரே உரை, இரண்டு பிரதிகள்

தூதர்களுக்கு உரை எழுதுவதும் அதன் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதும் என் வேலை. பாலினச் சமத்துவம் பற்றிய உரை என்றால் முதலில் கேட்பது, யார் முன்னால் பேசப் போகிறார் என்பதுதான். ஆப்பிரிக்காவில் என்றால் பெண்கள் உரிமை பற்றிய 2003ஆம் ஆண்டின் மபூட்டோ நெறிமுறை கைகொடுக்கும். லத்தீன் அமெரிக்காவில் பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் 1994இன் பெலெம் டோ பாரா உடன்படிக்கை. வெளியிலிருந்து வந்தவர் பாடம் நடத்துகிறார் என்று தோன்றாது. உங்கள் நாடுகளே கூடி எழுதியதுதானே என்று பேச்சைத் தொடங்கலாம். தொழிலதிபர்கள் அவையில் பெண்கள் வேலைக்கு வந்தால் பெருகும் வருமானத்தைச் சொல்வோம். ஆனால் அந்தக் கணக்கோடு நிறுத்திவிடக் கூடாது. வேலை குறையும் காலத்தில் பெண்ணை வீட்டுக்கு அனுப்பவும் அதே கணக்கைத்தான் காட்டுவார்கள்.

இப்படி ஆளுக்கேற்பப் பேசுவதில் தவறே இல்லை. நான் பயப்படுவது மொழிபெயர்ப்பில் நடப்பதைக் கண்டுதான்.

அரபியில் 'முசாவா' என்றால் சமத்துவம். 'இன்சாஃப்' என்றால் நியாயமாக நடத்துவது. ஒருமுறை மூல உரையில் சமத்துவம் என்று நான் எழுதியிருந்த ஏழு இடங்களிலும் அரபிப் பிரதியில் இன்சாஃப் இருந்தது. "சபைக்கு உறுத்தாது, விடுங்கள்" என்றார் பொறுப்பாளர். என்னால் விட முடியவில்லை. சொத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று என்பதை நியாயம் என்று ஒருவர் வாதிடலாம். சமம் என்று வாதிட முடியாது. மாலைவரை பேசி ஐந்து இடங்களை மீட்டேன். இரண்டு போய்விட்டன.

பெண்களுக்கான 1995 பெய்ஜிங் ஐ.நா. மாநாட்டிலும் இதே இழுபறிதான். 189 அரசுகள் ஏற்ற ஆவணத்தில், பெண் குழந்தைக்கு வாரிசாகும் சம உரிமை உண்டு என்று இருக்கிறது. சமப் பங்கு என்று இல்லை. எனக்கு அது குறைதான். ஆனாலும் பேரம் எல்லா அரசுகளும் அறிய நடந்தது, எதை விட்டுக்கொடுத்தோம் என்பது தெரியும். மொழிபெயர்ப்பில் நழுவும் சொல்லுக்கு அப்படி ஒரு சாட்சியும் கிடையாது.

இரண்டு மொழிகள் தெரிந்தவர்கள் தூதரக அறிக்கைகளை ஒருமுறை அருகருகே வைத்துப் படியுங்கள். 'உரிமை' இருந்த இடத்தில் 'நலன்' வந்திருக்கிறதா, 'வன்முறை' வெறும் 'பிரச்சினை' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் எழுதிக் கேளுங்கள். நான் சொன்ன அந்த அரபி உரையைப் படித்த ஒரு பெண் வழக்கறிஞர் அப்படித்தான் இரண்டே வரியில் கேட்டிருந்தார். இணையப் பிரதியில் மீதி இரண்டு இடங்களும் அடுத்த வாரம் முசாவா ஆயின.