கால்வாய் ஆகாயத்தாமரை மீனுக்கு ஆகுமா?

மாதவரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டி கட்லா, ரோகு, புல் கெண்டை விட்டிருக்கிறார். "புண்ணாக்கு விலை கட்டுப்படியாகல சார். கால்வாய் முழுக்க ஆகாயத்தாமரை சும்மா கெடக்கு. அள்ளிப் போட்டா என்ன?" என்றார். மீன் வளர்ப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. இந்தக் கேள்வி வராத வருஷமே கிடையாது.

நம் ஊரில் ஆகாயத்தாமரை என்பது பெரும்பாலும் வெங்காயத்தாமரைதான். காம்பு வெங்காயம்போல உப்பியிருக்கும், பூ ஊதா. அமேசான் பக்கத்துச் செடி. இலையில் புரதம் உண்டு. ஆனால் செடியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், மிச்சத்தில் நார் அதிகம், போதாததற்கு ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்கள். வேலம்பாசி என்ற நீர்ச்செடி கிடைத்தால் புல் கெண்டை இதைச் சீண்டாது. தின்னாமல் விட்டது குளத்திலேயே அழுகும். ஆக்சிஜன் குறைந்து, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. வடசென்னையில் ஓட்டேரி நல்லாவிலும் கேப்டன் காட்டன் கால்வாயிலும் பக்கிங்காம் கால்வாயிலும் ஓடுவது சாக்கடை. மணலிப் பக்கம் ஆலைகள் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் வரை படிந்ததைப் பார்த்தோமே. ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற நச்சு உலோகங்களை எல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி இது. கழிவுநீரைச் சுத்தப்படுத்த இதை வளர்ப்பதே அதனால்தான். அழுக்கை உறிஞ்சிய பஞ்சை மீனுக்குத் தீனியாகப் போடலாமா?

"காய வெச்சு அரைச்சா போயிடாதா சார்?"

ஈயம் கிருமி இல்லையே, காய்ந்ததும் சாக! 100 கிலோ செடி காய்ந்தால் 5 முதல் 8 கிலோதான் தேறும். ஈயம் மட்டும் அப்படியே அதற்குள் இருக்கும். வேரில்தான் அதிகம் சேரும் என்பது உண்மை. அதற்காகக் கால்வாய்ச் செடியின் இலை சுத்தம் என்று என்னால் சொல்ல முடியாது.

சாக்கடை கலக்காத சொந்தக் குளத்தில் முளைத்திருந்தால் பேச்சு வேறு. வேரை வெட்டி எறிந்துவிட்டு, இலையை நறுக்கி வாடவிட்டு, வெல்லப்பாகு பிசைந்து, காற்றுப் புகாத டிரம்மில் மூன்று வாரம் புளிக்க வைக்கலாம். அப்புறம் காயவைத்துத் தவிடு, புண்ணாக்கோடு சேர்க்கலாம். அதுவும் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் சொல்வதில்லை. கூலியைக் கணக்குப் போட்டால் தண்ணீரில் மிதந்து வளரும் தீனிச் செடியான அசோலாவைத் தொட்டியில் வளர்ப்பதே லாபம். நல்ல தண்ணீரும் கொஞ்சம் சாணமும் நிழலும் போதும்.

எல்லாம் கேட்டுவிட்டு, "முந்தாநாளே ரெண்டு கூடை போட்டுட்டேன் சார்" என்றார் தலையைச் சொறிந்தபடி. இன்றைக்கே வாரிவிடுங்கள், திரும்பக் கால்வாயிலும் வீசாதீர்கள், பூத்த செடியாக இருந்தால் விதை பல வருஷம் சேற்றில் கிடந்து முளைக்கும் என்றேன்.

"அப்போ மக்க வெச்சு கீரைப் பாத்திக்குப் போட்டுடவா?"

சரிதான் போங்கள்! மறுபடி ஈயத்திலிருந்து ஆரம்பித்தேன்.