பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தீர்களா?

"வண்டி புதுசு, விலையும் அதிகம். ஆனா பின்னாடி உட்கார்ந்தா தூக்கித் தூக்கிப் போடுது." சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் எவருக்கும் இந்தப் புகார் பழகிப்போன ஒன்று. ஏற்றி வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. ஷாக் அப்சார்பரில் ஒழுக்கு இல்லை, புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்) கிழியவில்லை, ஸ்பிரிங் சரியாக இருக்கிறது. வாங்கியவர் ஸ்டீயரிங்கைப் பிடித்து அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்திருப்பார். தினமும் பின்னால் உட்கார்ந்து போகவேண்டிய அப்பாவோ அம்மாவோ அந்த அரை மணி நேரத்தில் வண்டிக்குள்ளேயே இருந்திருக்க மாட்டார்கள். இதற்கு நாங்கள் எந்தப் பாகத்தை மாற்றுவது?

எல்லாவற்றுக்கும் வேர் ஒரே நம்பிக்கைதான்: வண்டி பெரிதாக, உயரமாக இருந்தால் சொகுசாக இருக்கும். எத்தனை முறை சொன்னாலும் இது போவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உயரமான வண்டி வளைவில் சாயும். சாயாமல் இருக்க ஸ்பிரிங்கையும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பாரையும் கெட்டியாக வைப்பார்கள். பார் கெட்டியானால் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மறுபக்கத்தையும் சேர்த்து இழுக்கும். வண்டி இடமும் வலமுமாக வெட்டும். உள்ளே இருப்பவர் எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ, அவ்வளவு அதிகமாக அவர் தலை ஆடும். ஓட்டுபவருக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங் இருக்கிறது, பள்ளம் வருவதும் முன்கூட்டியே தெரியும். பின்னால் இருப்பவருக்கு இரண்டும் கிடையாது.

அடுத்தது சுமைக் கணக்கு. ஏழு பேரையும் அவர்கள் பெட்டிகளையும் தாங்க வேண்டிய வண்டிக்கு அதற்கேற்ற கெட்டியான பின் ஸ்பிரிங்தான் போட முடியும். அதில் இரண்டு பேர் மட்டும் போனால் ஸ்பிரிங் அமுங்கவே அமுங்காது. பட்டை ஸ்பிரிங் வைத்த பிக்கப்பில் இது இன்னும் மோசம். ஒரு டன் ஏற்றுவதற்காகச் செய்த பின்பக்கம், காலியாகப் போகும்போது உதைக்கத்தான் செய்யும். அது பழுது இல்லை, அதன் வேலையே அதுதான். லேடர் ஃபிரேம் (ஏணி போன்ற இரும்புச் சட்டம்) மேல் கட்டிய பல எஸ்யூவிகளில் பின் அச்சு ஒரே கட்டையாக, கனமாக இருக்கும். ஒரு சக்கரம் ஏறினால் முழு அச்சும் சாயும். சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் எடை கூடக் கூட, அதை அடக்குவது ஷாக் அப்சார்பருக்குக் கடினம். (டிக்கியில் மணல் மூட்டை போட்டால் மெத்தென்று ஆகுமே என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் ஆகும். கட்டிவைக்காத அந்த மூட்டை, விபத்தில் முன்னால் பறந்து வரும். வேண்டாம்.)

எந்தக் குலுக்கல் உடம்புக்கு ஆகாது என்பதற்கும் கணக்கு உண்டு. உட்கார்ந்திருப்பவரின் உடலை மேலும் கீழுமாக அதிகம் வருத்துவது விநாடிக்குச் சுமார் 4 முதல் 8 முறை வரும் அதிர்வு. முதுகும் வயிறும் அந்த வேகத்தில்தான் சேர்ந்து ஆடத் தொடங்கும். நல்ல பயணிகள் காரின் உடல் விநாடிக்கு 1 முதல் 1.5 முறை ஏறி இறங்கும்படி ஸ்பிரிங் அமைப்பார்கள். அதை உடம்பு பெரிதாக எடுத்துக்கொள்ளாது. மிக மெதுவான அசைவு, அதாவது ஐந்து விநாடிக்கு ஒருமுறை முன்னும் பின்னும் இழுப்பது, வாந்தியைக் கிளப்பும். அதைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஓட்டுபவரின் கால்தான். மின்சாரக் காரில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வேகம் பிடித்து இழுக்கும் அமைப்பை உச்சத்தில் வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் பிள்ளை வாந்தி எடுக்கிறது என்று சஸ்பென்ஷனைக் குறை சொல்லாதீர்கள். அதைக் குறைந்த அளவுக்கு மாற்றுங்கள், பிள்ளையின் கையில் இருக்கும் போனை வாங்கிவையுங்கள்.

வண்டிக்குள் எங்கே உட்காருகிறோம் என்பதும் முக்கியம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் உள்ள இடம்தான் அமைதியானது. பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கும் இடம் மிக மோசமானது. மூன்றாவது வரிசை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் அங்கே அனுப்பாதீர்கள். தயவுசெய்து. வீல்பேஸ், அதாவது இரண்டு அச்சுகளுக்கும் இடையிலான தூரம், நீளமாக இருந்தால் வேகத்தடையில் வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சலாடுவது குறையும். நீட்டிய வீல்பேஸ் சொகுசு செடான்களில் கூடுதல் நீளம் முழுவதும் பின் இருக்கைக்கே போவதால் காலுக்கும் இடம் கிடைக்கும், அச்சிலிருந்து கொஞ்சம் விலகியும் உட்காரலாம்.

சரி, உண்மையிலேயே சொகுசான வண்டிகள் எவை? பணம் பிரச்சினை இல்லை என்றால் ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம்: மூன்றரை மீட்டரைத் தாண்டும் வீல்பேஸ், ஏர் ஸ்பிரிங் (காயிலுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பை), 130 கிலோவுக்கு மேல் ஒலித்தடுப்புப் பொருள். மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் 2013இலேயே முன்னால் உள்ள சாலையை கேமராவால் பார்த்து, மேடு வருவதற்கு முன்பே சஸ்பென்ஷனைத் தயார்படுத்தும் அமைப்பைக் கொண்டுவந்தது. பயணிக்காகவே வடிவமைத்த வேன் வகையில் டொயோட்டா அல்ஃபார்டும் லெக்ஸஸ் எல்எம்மும்: நாற்காலி உயரத்தில் இருக்கை, தட்டையான தரை, குனியாமல் ஏறலாம். மென்மையில் சிட்ரோயனுக்குத் தனி மரபு உண்டு. 1955இல் வந்த டிஎஸ் மாடலில் காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் நிரம்பிய உருண்டைகள் இருந்தன. இன்றைய சி5 ஏர்கிராஸில் ஷாக் அப்சார்பரின் இரு முனைகளிலும் எண்ணெய்த் தடுப்பு இருப்பதால், பெரிய பள்ளத்திலும் 'டங்' என்று அடிக்காது.

ஏர் ஸ்பிரிங்கின் உண்மையான லாபம் பலருக்குத் தெரியாது. ஒருவர் ஏறினாலும் ஐந்து பேர் ஏறினாலும் காற்றழுத்தம் அதற்கேற்ப மாறி, ஏறி இறங்கும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். காயில் ஸ்பிரிங்கால் அது முடியாது. ஆனால் ரப்பர் பைக்கு ஆயுள் உண்டு. பழைய வண்டியாக வாங்குபவர்கள் இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் படுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மற்றவர்களுக்கு? தடித்த டயர் போட்ட நடுத்தர செடான், பெரிய அலாய் வீல் போட்ட எஸ்யூவியைக் குலுக்கலில் சுலபமாக ஜெயிக்கும். முழங்கால், இடுப்புப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும் செடானின் இருக்கை ரொம்பத் தாழ்வு. உட்கார்ந்து எழுவதே தண்டனையாகிவிடும். அவர்களுக்கு எம்பிவியின் (மூன்று வரிசைக் குடும்ப வேனின்) இரண்டாவது வரிசைதான் சரி.

இனி, நல்ல வண்டியை வாங்கிய பிறகு கெடுப்பவர்களுக்கு.

205/65 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 225/45 ஆர்18 போடுகிறீர்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போடுங்கள்: 205இல் 65 சதவீதம் சுமார் 133 மில்லிமீட்டர், 225இல் 45 சதவீதம் சுமார் 101. சாலையின் கூர்மையான அடிகளை முதலில் வாங்கிக்கொள்ளும் டயர் பக்கச்சுவரில் 32 மில்லிமீட்டரைக் காசு கொடுத்து வெட்டி எறிகிறீர்கள். போட்டோவில் அழகாகத்தான் இருக்கும்.

ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் அடுத்த தொல்லை. "சொகுசைக் கூட்டும்" என்று சொல்லி விற்கிறார்கள். வேலை செய்யும் ஆறு வளையங்களில் ஒன்றை அது பூட்டிவிட்டால் மிச்சம் ஐந்து. ஸ்பிரிங் 20 சதவீதம் கெட்டியாகிறது. ஷாக் அப்சார்பர் பழையபடியே இருக்கிறது. அடி தட்டுவது குறைந்ததாகத் தோன்றும், பின்னால் இருப்பவருக்குக் குலுக்கல் கூடும். பின்பக்கம் தொங்குகிறது என்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

டயர் காற்றை ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். அந்த ஸ்டிக்கரில் பெரும்பாலும் இரண்டு அளவு இருக்கும். முழுச் சுமைக்கான அளவை வருடம் முழுவதும் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது உச்சவரம்பு, நீங்கள் அடிக்க வேண்டிய அளவு அல்ல. நைட்ரஜன் அடித்தால் மெத்தென்று போகும் என்பதும் கற்பனை. டயரில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வயதான ரப்பர் இறுகிவிடும், டயரின் பூ (தரையைத் தொடும் வரிப்பள்ளம்) தேயாமல் இருந்தாலும்.

ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்றுங்கள். அதை வண்டியோடு பிணைக்கும் மேல் மவுண்டையும், முழுக்க அமுங்கும்போது அடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப்பையும் அப்போதே பாருங்கள். தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள். வண்டியை அதன் இயல்பான உயரத்துக்கு இறக்கிய பிறகே கடைசி இறுக்கு. இல்லையென்றால் புஷ் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், வண்டி விறைப்பாகப் போகும், ரப்பர் சீக்கிரம் கிழியும். புது பாகம் போட்டும் வண்டி முன்பைவிட மோசம் என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

இருக்கை. ஷோரூமில் பத்து நிமிடம் உட்கார்ந்து "சோபா மாதிரி இருக்கு" என்பது தீர்ப்பு ஆகாது. ரொம்ப மென்மையான ஸ்பாஞ்சில் இடுப்பு அமிழ்ந்து பின்னால் சாயும், முதுகின் கீழ் வளைவு தட்டையாகும், ஒரு மணி நேரத்தில் வலி தொடங்கும். தொடைக்கு முழுத் தாங்கல் வேண்டும். குஷன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும். தரைக்குக் கீழே பேட்டரி வைத்த சில மின்சாரக் கார்களில் தரை உயர்ந்து, பின்னால் உட்காருபவரின் முழங்கால் தூக்கி நிற்கும். முழு எடையும் உட்காரும் எலும்பில் இறங்கும். இதை எந்த விளம்பரமும் சொல்லாது.

சாய்ந்து படுக்கும் இருக்கை விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். வண்டி ஓடும்போது முழுக்கச் சாய்த்துப் படுக்காதீர்கள். பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும், மேல்பட்டை மார்பைத் தொடாமல் காற்றில் நிற்கும். மோதினால் உடல் பெல்ட்டுக்குக் கீழே வழுக்கிப் போகும். அடி விழுவது வயிற்று உறுப்புகளுக்கு. படுப்பதெல்லாம் நிறுத்திய வண்டியில்.

வாங்குவதற்கு முன் சோதனை ஓட்டம் இரண்டு பகுதியாக இருக்கட்டும். முதலில் டெமோ வண்டியின் காற்றை அளந்து ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நின்றே கிடக்கும் வண்டிகளில் அதிகமாக அடித்திருப்பார்கள். பிறகு வேறொருவரை ஓட்டவிட்டு, யார் பின்னால் போகப்போகிறாரோ அவரை வழக்கமான இடத்தில் உட்காரவையுங்கள். குண்டும் குழியுமான தெருவில் 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில், வேகத்தடை மேல், நெடுஞ்சாலையில் 80இல், மொத்தம் முக்கால் மணி நேரம். ஏறி இறங்குவதை மூன்று முறை செய்யச் சொல்லுங்கள். அவர் சொல்வதுதான் முடிவு. அதே மாடலின் கீழ் வேரியன்ட்டில் சிறிய வீல் வருகிறதா என்றும் கேளுங்கள். வந்தால் அதிலும் ஒரு சுற்று, அதே தெருவில், அதே ஆளைப் பின்னால் வைத்து.